‘3டி பிரிண்ட்’ என்று மட்டும் எழுதி ஆர்டர் கொடுக்காதீர்கள்: முன்மாதிரிச் சொற்கள் பற்றி ஒரு இழை

வரைபலகை | திங்கள், இரவு 9:40

ஓசூரில் ஒரு சிறிய கருவி நிறுவனத்தில் டிசைனராக இருக்கிறேன். கையில் பிடித்து அளக்கும் மீட்டர் ஒன்றுக்குப் பிளாஸ்டிக் பெட்டி வரைந்தேன். மேல்மூடி, கீழ்மூடி, இரண்டையும் பிடித்துக்கொள்ள நான்கு கொக்கிகள். ஸ்க்ரூ கிடையாது. அழுத்தினால் ‘டக்’கென்று உட்கார வேண்டும், நெம்பினால் கழல வேண்டும்.

ஆர்டரில் நான் எழுதியது ஒரே வரி: ‘3டி பிரிண்ட், ஏபிஎஸ், 5 செட்’. (ஏபிஎஸ் ஒரு வகைப் பிளாஸ்டிக்.) ஒரு வாரத்தில் வந்துவிட்டது. வழவழவென்று, அடுக்குக் கோடே தெரியாமல், கடையில் வாங்கிய பொருள் போல இருந்தது. ஆபீஸில் எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். மறுநாள் வாடிக்கையாளர் முன்னால் திறந்து காட்டினேன். முதல் தடவை சரி, இரண்டாவது தடவையும் சரி. மூன்றாவது தடவை ஒரு கொக்கி கண்ணாடி போல முறிந்து மேசையில் உருண்டு ஓடியது. வாடிக்கையாளர் அதை எடுத்து என் கையில் கொடுத்து, ‘டிசைனை இன்னொரு முறை பாருங்கள்’ என்றார்.

சப்ளையரைக் கூப்பிட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. கொட்டேஷனில் ‘எஸ்எல்ஏ, ஏபிஎஸ்-லைக்’ என்று தெளிவாகத்தான் இருந்தது. ‘போல’ என்று பொருள்படும் ‘லைக்’ என்ற ஒரு சொல்லை நான் படிக்காமல் தாண்டியிருக்கிறேன்.

இந்தத் துறைச் சொற்களைத் தமிழில் பேசி ஒரே இடத்தில் வைத்தால் என்னைப் போல இன்னொருவர் மாட்டாமல் இருப்பார். உங்களுக்கு எந்தச் சொல் நஷ்டம் வைத்தது?

---

டைமேக்கர்_கோவை | திங்கள், இரவு 10:25

தங்கச்சி, கொக்கி உடைந்ததால் டிசைன் தப்பு என்று ஆகிவிடாது. அதை முதலில் மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஏபிஎஸ் சூடு பண்ணினால் இளகும், ஆறினால் இறுகும். எத்தனை தடவை வேண்டுமானாலும் அப்படிச் செய்யலாம். எஸ்எல்ஏ மெஷினின் தொட்டியில் இருப்பது திரவ ரெசின். புறஊதா ஒளி பட்ட இடம் கெட்டியாகும். அப்படிக் கெட்டியாகும்போது அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வலை போலப் பின்னிக்கொள்கின்றன. வெந்த முட்டையைத் திரும்பப் பச்சை முட்டை ஆக்க முடியாது, அதே கதைதான். ரெசின் விற்பவர்கள் ‘ஏபிஎஸ்-லைக்’ என்று போடுவது, டேட்டா ஷீட்டில் இழுவலிமை மாதிரி ஓரிரு எண்கள் ஏபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் வருவதால். முறிவதற்கு முன் எவ்வளவு நீளும், அடி பட்டால் எவ்வளவு தாங்கும் என்ற எண்களைப் பாருங்கள், அங்கேதான் வித்தியாசம் தெரியும். வெயில் படப் பட அது இன்னும் மொறுமொறுப்பாகிவிடும்.

கொக்கிக்கு நீங்கள் கேட்டிருக்க வேண்டியது எஸ்எல்எஸ். நைலான் தூளைப் பரப்பி லேசரால் உருக்கி ஒட்டவைக்கிற முறை. வளையும், திரும்பும். மேற்பரப்பு கொஞ்சம் சொரசொரப்பாக, உப்புத்தாளைத் தொட்டது போல இருக்கும். காட்சிக்கு அழகில்லை, ஆனால் நூறு தடவை திறந்து மூடலாம்.

எஸ்எல்ஏ, எஸ்எல்எஸ். ஒரே எழுத்துதான் வித்தியாசம். போனில் சொல்லும்போது கடைசி எழுத்து காதில் விழாது. எங்கள் பட்டறையில் ‘ரெசினா, நைலான் தூளா’ என்றுதான் கேட்போம்.

---

அடுக்கடுக்காக | திங்கள், இரவு 11:50

சென்னையில் பிரிண்டிங் சர்வீஸில் வேலை பார்க்கிறேன். அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பாதிக் குழப்பத்துக்குக் காரணம், நாம் முறையின் பெயர் என்று நினைப்பது பல நேரம் ஒரு கம்பெனியின் வணிகப் பெயர்.

பிளாஸ்டிக் இழையை உருக்கிப் பிழியும் முறையை எஃப்டிஎம் என்கிறோம், அது ஸ்ட்ராட்டாசிஸ் என்ற கம்பெனியின் முத்திரைப் பெயர். அதைத் தொடங்கிய ஸ்காட் கிரம்ப், 1988 வாக்கில் மகளுக்கு ஒரு தவளை பொம்மை செய்யச் சூட்டுப்பசைத் துப்பாக்கியால் அடுக்கடுக்காகப் பிழிந்து பார்த்ததிலிருந்து பிறந்த யோசனை அது. 2005-ல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் ரெப்ராப் என்ற திறந்தமூலத் திட்டத்தைத் தொடங்கினார். அந்தக் குழுவினர் முத்திரைப் பெயரைத் தொடாமல் எஃப்எஃப்எஃப் என்று வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். இரண்டும் ஒரே முறைதான்.

‘3டி பிரிண்டிங்’கின் கதையும் இப்படித்தான். அமெரிக்காவின் எம்ஐடியில் இமானுவேல் சாக்ஸ் குழு தூள்மேல் இங்க்ஜெட் தலையால் பசையைத் தெளிக்கும் முறைக்குத்தான் முதலில் அந்தப் பெயரை வைத்தது. பிற்பாடு எல்லா முறைக்கும் அதுவே பொதுப்பெயராகிவிட்டது.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்தத்தான் ஐஎஸ்ஓ/ஏஎஸ்டிஎம் 52900 தரநிலை வந்தது. கம்பெனிப் பெயர்களை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் ஏழு குடும்பமாகப் பிரித்திருக்கிறது. தொட்டி ரெசின், தூள்படுக்கை உருக்கல், பிழிவு, துளித்தெளிப்பு, தூளில் பசைத்தெளிப்பு, தாளடுக்கல், வெல்டிங் போல உருக்கிக்கொண்டே படியவைத்தல். கடைசி இரண்டும் நம் அன்றாட வேலையில் அநேகமாக வராது.

எஸ்எல்எஸ்ஸில் உள்ள ‘சின்டரிங்’ என்ற சொல்லே சரியில்லை, பழக்கத்தால் நிற்கிறது என்கிறது அந்தத் தரநிலை. சின்டரிங் என்றால் உருகாமல் சூட்டில் ஒட்டிக்கொள்வது. இங்கே தூள் உண்மையில் உருகுகிறது.

எம்ஜேஎஃப், எம்ஜேபி இரண்டையும் கவனியுங்கள். முன்னது ஹெச்பியின் நைலான் தூள் முறை. பின்னது 3டி சிஸ்டம்ஸின் ரெசின் துளி முறை. கொட்டேஷனில் ஒரு எழுத்து மாறினால் பொருளே வேறு.

---

கடைசல் | செவ்வாய், காலை 6:15

யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். பாடத்தைத் தமிழில் நடத்துவதால் எனக்கு வந்த சிக்கல் வேறு. அது ‘அச்சு’ என்ற சொல்.

வண்டிச் சக்கரத்தின் நடுவில் போவது அச்சு. வரைபடத்தில் எக்ஸ், ஒய், இசட் மூன்றும் அச்சு. புத்தகம் ஏறுவது அச்சு. பாகை ஊற்றி அச்சு வெல்லம் எடுக்கும் மரக்கட்டையும் அச்சு. முறுக்குப் பிழியும் துளைத்தகடும் அச்சு. அச்சடித்தது போல இருந்தால் ‘அச்சு அசல்’.

போன வருடம் வகுப்பில் ‘முப்பரிமாண அச்சு இயந்திரத்துக்கு அச்சு தேவையில்லை’ என்று சொன்னேன். முன்வரிசையில் ஒரு பிள்ளை எழுந்து, ‘சேர், எந்த அச்சு தேவையில்லை? இசட் அச்சு இல்லாமல் தட்டு எப்படி இறங்கும்?’ என்று கேட்டாள். கேள்வியில் ஒரு பிழையும் இல்லை. இந்தத் தொழில்நுட்பத்தின் முழுப் பெருமையே வார்ப்பதற்கு அச்சு செய்யாமல் பொருளைச் செய்வதுதான். அதற்கு நாங்கள் வைத்த பெயரிலேயே அச்சு உட்கார்ந்திருக்கிறது.

அன்றிலிருந்து நான் வகுப்பில் பிரித்துச் சொல்கிறேன். வார்ப்பதற்கு ‘வார்ப்பச்சு’. பிழியும் துளைக்குப் ‘பிழிவச்சு’. எக்ஸ், ஒய், இசட்டுக்கு மட்டும் வெறும் ‘அச்சு’. 3டி பிரிண்டிங்குக்கு ‘அடுக்கு உற்பத்தி’. ‘சேர்ப்பு உற்பத்தி’ என்றும் எழுதுகிறார்கள், அதுவும் பிழையில்லை. ஆனால் ‘அடுக்கு’ என்றவுடன் பிள்ளைகளுக்குக் கண்ணில் படம் வருகிறது. பிழிவு முறையை விளக்க நான் வேறு உதாரணம் தேடியதே இல்லை. முறுக்கு உரலைக் கையால் சுற்றிச் சுற்றிப் பிழிகிற அம்மாவின் கையை மோட்டாருக்குக் கொடுத்தால் அதுதான் அந்த இயந்திரம்.

---

மெழுகுமரம் | செவ்வாய், காலை 8:05

கோவையில் நகை வார்ப்பு வேலை. ஐயா ‘அச்சு’ பற்றிச் சொன்னது எங்களுக்கு நேராகப் பொருந்தும்.

எங்கள் வேலையில் பிரிண்டர் செய்வது நகையும் இல்லை, வார்ப்பச்சும் இல்லை. உருகி மறையப்போகிற மெழுகு உரு. அதைப் போல இருபது முப்பது மெழுகு மோதிரங்களை ஒரு நடுத்தண்டில் ஒட்டினால் மரம் மாதிரி நிற்கும், நாங்களும் மரம் என்றுதான் சொல்வோம். அதைச் சுற்றி ஜிப்சம் கலவையை ஊற்றி, உலையில் மெதுவாகச் சூடேற்றி 730 டிகிரி வரை கொண்டுபோனால் மெழுகு எரிந்து போய் அதன் இடம் காலியாகிவிடும். அந்தக் காலியிடத்தில் பொன் போகும். சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகில் உருச்செய்து காவிரி வண்டலைப் பூசிச் செய்வதும் இதே வழிதான். ஒரு மெழுகுக்கு ஒரு சிலை, மண்ணை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

எனக்கு நஷ்டம் வைத்த சொல் ‘காஸ்டபிள்’, அதாவது வார்ப்புக்கு ஏற்றது. ரெசின் டப்பாவில் அப்படிப் போட்டிருந்தது. வழக்கமான மெழுகுச் சூட்டு அட்டவணையிலேயே உலையை ஓட்டினேன். மெழுகு முதலில் உருகி வழியும், அப்புறம் எரியும். இந்த ரெசின் உருகுவதே இல்லை, இருந்த இடத்திலேயே விரிந்து எரிகிறது. கலவையில் விரிசல் விட்டு, உள்ளே சாம்பலும் தங்கிவிட்டது. வார்த்து எடுத்தால் மோதிரத்தின் உட்பக்கம் முழுக்க ஊசிக்குத்தியது போலக் குழிகள். மரத்தில் இருந்த 22 உருப்படியும் திரும்ப உருக்கத்தான் போனது. மெழுகு வேறு, மெழுகு கலந்த ரெசின் வேறு, ‘காஸ்டபிள்’ ரெசின் வேறு. ஒவ்வொன்றுக்கும் தனிச் சூட்டு அட்டவணை. டப்பா வாங்கும்போதே அந்த அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள்.

---

டைமேக்கர்_கோவை | செவ்வாய், பகல் 1:30

கடைசல் ஐயா, உங்கள் ‘வார்ப்பச்சு’ நல்ல சொல். ஆனால் எங்கள் தளத்தில் மோல்டு மோல்டுதான், டை டைதான். முப்பது வருடம் அந்தச் சொல்லோடு வாழ்ந்தவர்களிடம் வேறு பெயர் சொன்னால் கைவேலை நின்றுவிடும்.

ஒன்று கவனித்திருக்கிறேன். பையன்களே வைத்துக்கொண்ட சொற்கள் அப்படியே ஒட்டிக்கொள்கின்றன. பிரிண்டில் தொங்கும் பகுதிக்குக் கீழே வரும் சப்போர்ட்டை எங்கள் பையன் ஒருவன் ‘முட்டு’ என்றான். சென்ட்ரிங் வேலையில் ஸ்லாபுக்குக் கொடுப்பார்களே, அதே முட்டு. இப்போது எல்லோரும் ‘இந்தப் பக்கம் முட்டு வருமா, வராதா’ என்றுதான் பேசுகிறார்கள். 45 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் முட்டு வேண்டும், நைலான் தூள் முறையில் முட்டே வேண்டாம், தூளே தாங்கிக்கொள்ளும். சொன்னவுடன் புரிகிறது. மோல்டு மூடும் கோட்டில் வழியும் மெல்லிய தகட்டைப் பிசிறு என்கிறோம். அதையும் யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

---

கடைசல் | செவ்வாய், மாலை 4:50

‘முட்டு’ அருமை. நாளைக்கே வகுப்பில் சொல்கிறேன். நான் ‘தாங்கி’ என்று எழுதிவந்தேன், அது பேரிங்கோடு மோதிக்கொண்டே இருந்தது.

---

அடுக்கடுக்காக | செவ்வாய், இரவு 10:10

ஃபைல் பற்றி யாரும் பேசவில்லை. பிரிண்டுக்கு அனுப்பும் எஸ்டிஎல் ஃபைலில் அலகு கிடையாது. மேற்பரப்பு முழுவதும் முக்கோணங்களாக உடைத்து அவற்றின் மூலைப் புள்ளிகளை எழுதி வைக்கும், அவ்வளவே. ‘100’ என்று இருந்தால் அது மில்லிமீட்டரா அங்குலமா என்று ஃபைலுக்கே தெரியாது.

ஒருவர் 100 மிமீ நீளக் கைப்பிடியை அங்குலக் கணக்கில் சேமித்து அனுப்பினார். எங்கள் திரையில் 3.94 மிமீ என்று மிளகு அளவில் வந்தது. வேலையில் இருந்தவர் அங்குலம் என்று சரியாகக் கண்டுபிடித்தார். ஆனால் 25.4-க்குப் பதிலாக 25 மடங்கு பெரிதாக்கிவிட்டார். கைப்பிடி 98.4 மிமீ வந்தது. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. இரண்டு போல்ட் துளைகளில் ஒன்று உட்கார்ந்தது, இன்னொன்று உட்காரவே இல்லை. வாடிக்கையாளரும் நாங்களும் இரண்டு நாள் சுருக்கம், சூடு, மெஷின் என்று எதையெதையோ தேடினோம். கடைசியில் ஸ்கேலை வைத்து முழு நீளத்தை அளந்த பிறகுதான் விளங்கியது.

அன்றிலிருந்து வருகிற ஒவ்வொரு ஃபைலுக்கும் நீள, அகல, உயரத்தை மில்லிமீட்டரில் மெயிலில் எழுதக் கேட்கிறேன். முடிந்தால் 3எம்எஃப் ஆகவே அனுப்புங்கள், அதில் அலகும் சேர்ந்தே போகும். வெட்டிக் கடையும் சிஎன்சி மெஷினுக்குக் கொடுப்பதானால் ஸ்டெப் ஃபைல்தான். முக்கோணத்தை வைத்து வட்டம் கடைய முடியாது.

---

வரைபலகை | புதன், காலை 9:20

எல்லோருக்கும் நன்றி. நேற்றே நைலான் தூளில் ஒரு செட் சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு கேள்விகள்.

முதல் கேள்வி. ‘லேயர் 0.05 மிமீ’ என்று ஒரு சப்ளையர் போட்டிருக்கிறார். அப்படியானால் அளவு 0.05-க்குள் வரும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

இரண்டாவது, அடுத்த கட்டமாக வாடிக்கையாளர் 40 ‘சாம்பிள்’ கேட்கிறார், களத்தில் கொடுத்துப் பார்க்க. அதையும் பிரிண்ட் பண்ணுவதா, மோல்டுக்குப் போவதா?

---

டைமேக்கர்_கோவை | புதன், இரவு 9:05

முதல் கேள்விக்கு: எடுத்துக்கொள்ளவே கூடாது. லேயர் என்பது படிக்கட்டின் உயரம். படி எவ்வளவு சின்னது என்பது மேற்பரப்பு எவ்வளவு நைஸ் என்பதைச் சொல்லும். வீடு சரியான இடத்தில் கட்டியிருக்கிறதா என்பது வேறு விஷயம். 0.05 லேயரில் போட்ட பொருள் வளைந்து 0.4 மிமீ தள்ளி நிற்பதை நான் கேஜ் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

கேட்க வேண்டிய சொல் டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற அனுமதி. அதுவும் எந்த நீளத்துக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும். டிராயிங்கின் மூலையில் ‘ஐஎஸ்ஓ 2768-எம்’ என்று போடுகிறோமே, அதில் 6 முதல் 30 மிமீ வரை பிளஸ்-மைனஸ் 0.2, 30-க்கு மேல் 120 வரை 0.3, 120-க்கு மேல் 400 வரை 0.5. நீளம் கூடக் கூட அனுமதியும் கூடும். ஒரு தச்சர் ‘ஒரு நூல் தள்ளிப்போச்சு’ என்றால் அரைக்கால் அங்குலம், 3 மிமீக்குச் சற்று மேல். கதவுக்கு அது பரவாயில்லை. உங்கள் கொக்கிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு தள்ளினாலே மூடி ஆடும். ஆகவே எல்லா அளவுக்கும் இறுக்கமாகப் போடாதீர்கள். கொக்கி, துளை, டிஸ்ப்ளே உட்காரும் சட்டம், இந்த மூன்றுக்கு மட்டும் தனியாகப் போடுங்கள், மற்றதைப் பொதுவில் விடுங்கள். காசு மிச்சமாகும்.

இரண்டாவது கேள்வியில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது, அதுவும் ‘சாம்பிள்’ என்ற சொல்லில். நீங்கள் சாம்பிள் என்றால் முன்மாதிரி. வாடிக்கையாளரின் குவாலிட்டி ஆளுக்குச் சாம்பிள் என்றால் மோல்டிலிருந்து வந்த முதல் ஷாட், நாங்கள் டி1 என்போம். அவர் அதை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்த்து ‘பாஸ், ஃபெயில்’ எழுதுவார். பிரிண்ட் பண்ணியதை அந்த மேசைக்கு அனுப்பினால் உங்கள் பெட்டிக்குக் கெட்ட பெயர் வந்துவிடும். எதற்கு என்று முதலில் எழுதி வாங்குங்கள். பார்க்கவா, பொருத்திப் பார்க்கவா, வேலை செய்ய விட்டுப் பார்க்கவா. இந்த மூன்றில் ஒன்றைச் சொன்னாலே பாதி முறைகள் தானாகக் கழிந்துவிடும்.

40 உருப்படி என்றால் வாக்குவம் காஸ்டிங் பார்க்கலாம். எஸ்எல்ஏவில் நைஸாக ஒரே ஒரு மாஸ்டர், அதைச் சுற்றிச் சிலிக்கோன் ரப்பர் ஊற்றிக் கிழித்தால் அச்சு, அதில் ஊற்றுவது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். ஒரு ரப்பர் மோல்டு ஏறக்குறைய 20 உருப்படி தாங்கும், அப்புறம் விளிம்பு மழுங்கும். ஆக இரண்டு மோல்டு. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், இங்கேயும் ‘ஏபிஎஸ்-லைக்’ என்றுதான் போடுவார்கள். இந்தப் பாலியூரித்தேனில் வளையக்கூடிய கிரேடுகள் உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள்.

உண்மையான ஏபிஎஸ்தான் வேண்டும் என்றால் அலுமினியத்தில் ஒரு மோல்டு. ‘சாஃப்ட் டூல்’, ‘பிரிட்ஜ் டூல்’ என்று ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். சாஃப்ட் என்றவுடன் ரப்பர் என்று சிலர், அலுமினியம் என்று சிலர். கேட்டுத் தெளிவுபடுத்துங்கள். ‘எத்தனை ஷாட் தாங்கும்’ என்று கேட்டாலே எது என்று தெரிந்துவிடும்.

மோல்டுக்குப் போகும் எண்ணம் இருந்தால் இப்போதே உங்கள் மாடலைத் திறந்து சுவர்களைப் பாருங்கள். பிரிண்டருக்கு நேர்ச்சுவர் பிரச்சினை இல்லை. மோல்டில் நேர்ச்சுவர் ஒட்டிக்கொண்டு வெளியே வராது, ஒன்று முதல் இரண்டு டிகிரி சாய்வு வேண்டும். டிராஃப்ட் என்போம். கொக்கிக்கு அடியில் உள்ள குழிவு அண்டர்கட், அதற்கு மோல்டில் பக்கவாட்டில் நகரும் தனி ஸ்லைடர் வேண்டும், அல்லது கொக்கிக்குக் கீழே தரையில் ஒரு ஜன்னல் விட வேண்டும். பிரிண்டில் வந்துவிட்டதே, மோல்டிலும் வரும் என்று நம்பி டூல் ஸ்டீலை வெட்டியபின் அழுதவர்களை எனக்குத் தெரியும். இன்னொன்று, ஏபிஎஸ் ஆறும்போது நூற்றுக்கு அரை அளவு சுருங்கும், பிபி (பாலிபுரொப்பிலீன்) அதைப்போல இரண்டு மூன்று மடங்கு சுருங்கும். ஏபிஎஸ்ஸுக்கு வெட்டிய மோல்டில் பிபியை ஊற்றினால் மூடியும் பெட்டியும் சேராது.

---

மெழுகுமரம் | புதன், இரவு 9:40

அண்ணா, கொக்கிக்குக் கீழே ஜன்னல் விடுவதைக் கொஞ்சம் விளக்க முடியுமா? எங்கள் பெட்டி ஒன்றுக்கும் தேவைப்படும்.

---

டைமேக்கர்_கோவை | புதன், இரவு 10:00

கொக்கியின் மூக்குக்கு நேர் கீழே தரையில் ஒரு செவ்வகத் துளை விட்டுவிடுங்கள் தம்பி. அந்தத் துளை வழியாக மோல்டின் ஒரு பாதி மேலே ஏறி வந்து மூக்கின் அடிப்பக்கத்தை உருவாக்கும். மோல்டு திறக்கும்போது நேராகக் கீழே இறங்கிவிடும். ஸ்லைடர் செலவு இல்லை. வீட்டில் டிவி ரிமோட்டின் பேட்டரி மூடியைக் கழற்றிப் பாருங்கள், பல ரிமோட்டில் அந்தத் துளை இருக்கும்.

---

அடுக்கடுக்காக | புதன், இரவு 11:30

முன்மாதிரி என்ற சொல்லையே கொஞ்சம் தளர்த்திப் பார்க்க வேண்டிய காலம் இது. 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அக்னிகுல் விட்ட ராக்கெட்டில் இருந்தது ஒரே துண்டாக அச்சிட்ட இன்ஜின். சென்னை ஐஐடியில் வளர்ந்த நிறுவனம் அது. அந்த இன்ஜின் யாருக்கும் ‘மாதிரி’ இல்லை, அதுவே பறந்தது. அங்கே உலோகத் தூளை லேசரால் முழுக்க உருக்குகிறார்கள். அதனால்தான் ‘ரேபிட் புரோட்டோடைப்பிங்’ என்ற பழைய குடைப்பெயரை விட்டுவிட்டுத் தரநிலைகள் ‘உற்பத்தி’ என்ற சொல்லுக்கு வந்தன.

---

வரைபலகை | சனி, மாலை 5:15

நைலான் செட் நேற்று வந்தது. கொக்கியை 50 தடவை எண்ணித் திறந்து மூடினேன், விளிம்பில் லேசாக வெளுத்திருக்கிறது, முறியவில்லை. வாடிக்கையாளரிடமும் கேட்டுவிட்டேன். அந்த 40 களத்தில் பயன்படுத்திப் பார்க்கத்தான், கீழே போடும் சோதனைக்கு இல்லை என்று மெயிலில் எழுதிக் கொடுத்தார்.

இப்போது அனுப்பப்போகும் விசாரணை இதோ. தப்பிருந்தால் சொல்லுங்கள்:

‘வாக்குவம் காஸ்டிங், பாலியூரித்தேன், வளையும் கிரேடு, முறிவு நீட்சி எவ்வளவு என்று டேட்டா ஷீட்டோடு தெரிவிக்கவும். 40 செட். பயன்: களத்தில் வேலை செய்து பார்க்க, கொக்கிகள் திறந்து மூடப்படும். முழு அளவு 142 x 78 x 31 மிமீ. ஸ்டெப் ஃபைல் இணைப்பில். கொக்கி, துளை, டிஸ்ப்ளே சட்டம் மூன்றுக்கும் டாலரன்ஸ் டிராயிங்கில் உள்ளது, மற்றவை ஐஎஸ்ஓ 2768-எம். ஒரு ரப்பர் மோல்டுக்கு எத்தனை உருப்படி என்று குறிப்பிடவும்.’

---

டைமேக்கர்_கோவை | சனி, இரவு 8:20

நன்றாக இருக்கிறது தங்கச்சி. ஒன்று மட்டும் சேருங்கள், மாஸ்டரில் முட்டு எந்தப் பக்கம் வரலாம், எந்தப் பக்கம் வரக் கூடாது என்று. வெளிப்பக்கம் முட்டு நின்ற தழும்பைத் தேய்க்காமல் விட்டால் அந்தத் தழும்பு 40 பெட்டியிலும் அப்படியே இறங்கும்.

---

வரைபலகை | சனி, இரவு 8:35

சேர்த்துவிட்டேன் அண்ணா. ‘வெளிப்பக்கம் முட்டு கூடாது’ என்றே எழுதினேன். சப்ளையர் உடனே போன் பண்ணி, ‘மேடம், உட்பக்கம் சுவரைத் தாங்கும் ரிப் மேல் வைத்துக்கொள்ளலாமா’ என்று கேட்டார்.